கிட்டங்கிக்கு வந்த கடல்

அனுமந்தன்பட்டி சுந்தரலிங்கத்துக்கு யாருக்காவது நல்லது செய்யாவிட்டால் சோறு இறங்காது. கெட்டவர்களிடமிருந்தாவது தப்பித்துவிடலாம், இந்த மாதிரி நல்லவர்களிடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது. பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே ஏணியோடு போய் நிற்பார். இறங்கி வரும்போது இன்னும் நாலு ஓடு உடைந்திருக்கும். "எங்க வீட்டு மனுசன் தங்கம்தான். என்ன, கைதான் கொஞ்சம் அவசரக் கை" என்பாள் அவர் மனைவி பவுனு.

தொழில் ஏலக்காய் வியாபாரம். கம்பத்தில் சரக்கு போட்டு வைக்கிற கிட்டங்கி ஒன்று வைத்திருந்தார். மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கும் காயை வாங்கி, சல்லடையில் சலித்து, பெண்களை வைத்துக் கையால் பொறுக்கி, ரகம் பிரித்து மூட்டை போட்டு அனுப்புவார். பெரிய காய் தனி, சின்னக் காய் தனி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்ததும் பூச்சி விழுந்ததும் ஒதுக்கல். வாழ்க்கையில் எதைப் பார்த்தாலும் அவருக்கு ரகம் பிரிக்கத்தான் தோன்றும். கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பளத்தைக்கூட முழுசு, உடைசல் என்று பிரித்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் சித்திரையில் அவருடைய ஒரே மகன் விஜய்பாண்டிக்கு, வீரபாண்டி ஊர்க் கர்ணனின் மகள் ஜோதிலட்சுமியைக் கட்டிவைத்தார். அந்தப் பெண் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கி எம்.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்தது. கடல் பாசி, சிப்பி, நண்டு, நட்சத்திர மீன் இதையெல்லாம் பற்றிய படிப்பு. எது எந்த இனம், எது எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது என்று பார்க்கிற படிப்பு. நாலா பக்கமும் மலை சூழ்ந்த ஊரில் ஒரு பெண் கடலைப் படிக்கிறது என்றால் சும்மா விடுவார்களா? "முல்லையாத்துல திமிங்கலம் புடிக்கப் போறீகளாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், சுந்தரலிங்கம் அடம்பிடித்துக் குறித்த முகூர்த்தமும் அந்தப் பெண்ணின் செய்முறைப் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. அதைவிட்டால் மகன் ஜாதகத்துக்கு வேறு நாள் இல்லை என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். கர்ணன் தயங்கித் தயங்கி, "பிள்ள ரெண்டு வருசம் படிச்ச படிப்பு சம்பந்தி" என்றார். சுந்தரலிங்கம் நிச்சயதாம்பூலச் சபையில் எழுந்து நின்று, வெற்றிலையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "அக்டோபர்ல திரும்ப ஒரு பரீட்சை இருக்காம்ல. எழுத வைக்கிறேன். இந்தப் பிள்ள படிப்பை முடிக்க வைக்கிறது என் பொறுப்பு. ஊரு சாட்சியாச் சொல்றேன்." கர்ணன் தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டார். பேச்சு மாறினால் உயிரை விட்டுவிடுகிற ரகம் சுந்தரலிங்கம் என்று அவருக்குத் தெரியும்.

கல்யாணம் முடிந்து மருமகள் வந்தாள். கூடவே அவள் சேர்த்த கடலும் வந்தது. தீப்பெட்டிகள், சோப்பு டப்பாக்கள், அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பியோ சங்கோ உலர்ந்த நட்சத்திர மீனோ. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. காகிதத்தில் அழுத்தி உலர்த்திய கடற்பாசிகள் ஒரு கட்டு. பரீட்சையன்று இதையெல்லாம் மேஜையில் அடுக்கி வைத்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பாதி மதிப்பெண் இதற்குத்தான்.

சுந்தரலிங்கத்துக்கு மகள் கிடையாது. இந்தப் பிள்ளை வந்த பிறகு சாயங்காலம் கிட்டங்கியைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வர ஆரம்பித்தார். வந்ததும் வராததுமாக, "என்னாத்தா, கடல்ல என்ன சேதி?" என்பார். அவளும் காபியைக் கொடுத்துவிட்டு ஏதாவது சொல்வாள். கடல் பஞ்சு பார்க்கச் செடி மாதிரி இருக்கும், ஆனால் அது பிராணி என்றாள் ஒரு நாள். வாய் கிடையாது, வயிறு கிடையாது, உடம்பெல்லாம் ஓட்டை, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி அதில் வருவதைத் தின்று பிழைக்கிறது. மறுநாள் அவர் அதைக் கம்பத்துக் கடைவீதியில் கண்ணை உருட்டிச் சொல்ல, எதிர்க்கடைக்காரர், "வேலையே செய்யாம ஒரே இடத்துல உக்காந்து தின்னுக்கிட்டிருக்கா? எங்க கணக்கப்பிள்ளையவா நீங்க சொல்றீக?" என்றார். அன்று முழுக்கச் சுந்தரலிங்கத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆடி பிறந்தது. கர்ணன் தட்டோடு வந்து முறைப்படி மகளை வீரபாண்டிக்கு அழைத்துப் போய்விட்டார். விஜய்பாண்டி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். அவனைவிட அவன் அப்பாவுக்குத்தான் வீடு வெறிச்சென்று இருந்தது. ஒரு நாள் மருமகள் அறைப் பக்கம் போனவர், கட்டிலுக்கடியில் கிடந்த அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். திறந்தார். பெரிய சிப்பியும் சின்னச் சிப்பியும் கலந்து கிடந்தன. உடைசல், ஓட்டை விழுந்தது, மேலே அழுக்கு ஒட்டிக்கிடந்தது எல்லாம் ஒரே பெட்டியில். அவர் மனசு தாங்கவில்லை. 'பாவம் பிள்ள, ஒத்தையில கிடந்து சேத்துருக்கு. ரகம் பிரிக்க நேரமில்ல போல.'

காய் வரத்து இன்னும் ஆரம்பிக்காத மாசம். கிட்டங்கியில் பெண்களுக்கு வேலை இல்லை. பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக் கம்பத்துக்குக் கொண்டுபோனார். மலையம்மாள், சுப்புத்தாய், பூமாரி மூவரையும் கூப்பிட்டார். "நம்ம வீட்டுப் பிள்ள சரக்கு. ஏ ஒன்னா இருக்கணும்" என்றார்.

அவர்களும் லேசுப்பட்டவர்களா? தரையில் வேட்டியை விரித்துப் பெட்டிகளை எல்லாம் கவிழ்த்தார்கள். சல்லடை போட்டுச் சலித்தார்கள். வெள்ளை தனி, பழுப்பு தனி, கோடு போட்டது தனி. சங்குகளின் மேல் பரு மாதிரி ஒட்டிக்கிடந்ததையெல்லாம் கத்தியால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார்கள். சின்ன ஓட்டை விழுந்த சிப்பிகளைப் பூச்சி விழுந்த காய் என்று ஒதுக்கினார்கள். பாசித் தாள்களைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நிறம் பார்த்து அடுக்கினார்கள். துண்டுச் சீட்டுகளை மட்டும், படித்த பிள்ளை எழுதினதாச்சே என்று தூக்கிப் போடாமல், மொத்தமாகச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைத்தார்கள்.

ஆடிச் சீரோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு சுந்தரலிங்கம் வீரபாண்டிக்குப் போனார். புதுப் பெட்டிகள், உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் வரிசை வரிசையாகச் சிப்பி. மூடியைத் திறந்து காட்டும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. "எப்புடி ஆத்தா?"

ஜோதிலட்சுமி குனிந்து பார்த்தாள். ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு சிரித்தாள். "ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றாள். சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு, "இதுல எது எதுல இருந்துச்சுன்னு மலையம்மாக்காவுக்கு ஞாபகம் இருக்குமா மாமா?" என்று கேட்டாள்.

"அது எதுக்காத்தா? எல்லாத்தையும் கொட்டித்தான சலிச்சோம்."

"சும்மாதான் கேட்டேன் மாமா. காபி சாப்பிடுங்க."

காபி சாப்பிட்டுவிட்டு, சம்பந்தியிடம் ஒரு பாட்டம் பெருமை பேசிவிட்டுக் கிளம்பினார். ஜீப் உப்புக்கோட்டை விலக்கு தாண்டியிருக்கும். எதிரே பழைய இருப்பு ஏலக்காய் மூட்டைகளோடு ஒரு வேன் வந்தது. மூட்டை வாயில் சீட்டுகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. எந்தத் தோட்டம், யார் காய், என்றைக்குப் பறித்தது என்று எழுதின சீட்டு. அது அறுந்து விழுந்துவிட்டால் ஏலத்தில் அந்த மூட்டையை யாரும் தொடமாட்டார்கள். காய் எவ்வளவு உருட்டாக இருந்தாலும் அது அநாதைக் காய்தான். போன வருஷம் அப்படி இரண்டு மூட்டையைச் சீட்டு மாற்றிக் கட்டியதற்காக ஒருத்தனை இவரே கிட்டங்கி அதிர வைதிருக்கிறார்.

சுந்தரலிங்கம் கழுத்தைத் திருப்பி, போகிற வேனையே பார்த்தார். "ஏலே வீரணா, நிறுத்து" என்றார் டிரைவரிடம். வீரணன் நிறுத்தினான். "வண்டியத் திருப்பு."

திரும்பப் போனபோது ஜோதிலட்சுமி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ஒரு சங்கு, ஒரு கையில் ஒரு சீட்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மாமனாரைப் பார்த்ததும் சங்கைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

"மறைக்காத ஆத்தா. நான் கெடுத்துட்டேன்ல?"

"அப்படியெல்லாம் இல்ல மாமா."

"பொய் சொல்லாத. சீட்டு இல்லாத மூட்டை என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? இதெல்லாம் இப்ப அநாதை. அப்படித்தான?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மெல்லச் சொன்னாள். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. எந்தக் கரை, பாறையா மணலா, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருந்தது, எதன் மேல் ஒட்டியிருந்தது எல்லாம் தெரிந்தால்தான் அது பரீட்சைக்கு ஆகும். சீட்டுகளில் எழுதியிருந்தது அதைத்தான், எந்தச் சீட்டு எதனுடையது என்று இனி யாருக்கும் தெரியாது. ஓட்டை விழுந்த சிப்பிகள் பூச்சி விழுந்ததல்ல, வேறொரு நத்தை துளை போட்டு உள்ளிருப்பதைத் தின்றது. யார் யாரைத் தின்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. சுரண்டி எடுத்த பரு மாதிரியானவை அழுக்கல்ல. பாறையிலும் சங்கிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிற பிராணி. ஓடு இருப்பதால் சிப்பி என்று நினைப்பார்கள், ஆனால் அது இறால் ஜாதி. "பாசி மட்டும் தப்பிச்சிருச்சு மாமா. அதுல சீட்டைத் தாள்லயே ஒட்டியிருந்தேன். அவுக நிறம் பாத்துப் பிரிச்சதும் கிட்டத்தட்ட சரிதான். பச்சை, பழுப்பு, சிவப்புன்னுதான் நாங்களும் பிரிப்போம். மத்தது ரெண்டு வருசமாச் சேர்த்தது. பரவால்ல மாமா. அடுத்த வருசம் எழுதிக்கிறேன்."

"என்னைய ஒரு வார்த்தை திட்டிருக்கக் கூடாதா நீயி?" சுந்தரலிங்கம் கத்தினார். கத்தியதில் சமையற்கட்டிலிருந்து கர்ணன் வீட்டார் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். "அழகா இருக்கு மாமான்னு சொல்லி அனுப்புறியே! ரெண்டு வருசப் பாடு ஆத்தா! பெத்த அப்பனா இருந்தா இப்படித்தான் சிரிச்சு அனுப்புவியா?"

"அப்பாவா இருந்தா திட்டிருப்பேன்தான்" என்றாள் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீங்க ஆசை ஆசையாக் கொண்டாந்தீக. எப்படித் திட்டுறது?"

சுந்தரலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு நின்று, "இதெல்லாம் திரும்பச் சேர்க்க என்ன வேணும்?" என்றார்.

"கடல் நல்லா உள்வாங்கணும் மாமா. அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் பாறையெல்லாம் வெளிய தெரியும். அதுவும் காலையில கொஞ்ச நேரந்தான். பரீட்சைக்கு அம்பது இருந்தாப் போதும், ஆனா ஒத்தை ஆளா அவ்வளவு நேரத்துல முடியாது."

"ஒத்தை ஆளா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

ஆடி அமாவாசைக்கு வருஷா வருஷம் அனுமந்தன்பட்டியிலிருந்து ராமேஸ்வரத்துக்குத் தனி பஸ் போகும். சுந்தரலிங்கம் செத்துப்போன அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஒரு வருஷம் தவறியதில்லை. இந்த வருஷம் அந்த பஸ்ஸில் மருமகளையும் பொறுக்குகிற பெண்கள் மூவரையும் ஏற்றினார். ஆடியில் புதுப்பெண்ணை எப்படிக் கூட்டிப் போகலாம் என்று ஊர்க் கிழங்கள் முனகின. "புருசன்கூடத்தான சேரக் கூடாது? மாமனார்கூடப் பஸ்ஸுல போகக் கூடாதுன்னு எந்தச் சாஸ்திரத்துல இருக்கு? வேணும்னா அவனை விட்டுட்டுப் போறேன்" என்றார். அப்படியே விட்டுவிட்டும் போனார். விஜய்பாண்டி பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டு நின்றதைப் பார்த்து, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பவுனுக்கே பாவமாக இருந்தது.

பொழுது விடிகிற நேரத்தில் பஸ் மண்டபத்துக்கு வந்தது. இனிமேல் பாலம் தாண்டினால் ராமேஸ்வரம். ஜன்னல் வழியாகப் பார்த்த ஜோதிலட்சுமி, "மாமா, இந்நேரம் தண்ணி இறங்க ஆரம்பிச்சிருக்கும்" என்றாள் தயங்கி. சுந்தரலிங்கம் எட்டிப் பார்த்தார். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ராமேஸ்வரம் போய், கூட்டத்தில் நின்று, முழுக்குப் போட்டு, தர்ப்பணம் முடித்துத் திரும்பி வருவதற்குள் கடல் பழையபடி ஏறிவிடும்.

அவர் எழுந்தார். "டிரைவரே, கதவத் திற."

"என்னண்ணே, அய்யாவுக்குத் தர்ப்பணம்?" என்று பஸ்ஸே கேட்டது. பவுனு எழுந்து மருமகளின் பையை எடுத்துக் கொடுத்தாள்.

"எங்க அய்யாவுக்குத் தை அமாவாசை வரும். காய் வரத்து ஆரம்பிச்சுட்டா நம்மால இங்க வர முடியாது, இந்தப் பிள்ளைக்கு அக்டோபரு இன்னொண்ணு வராது. அவரு பாத்துக்கிருவாரு" என்று சொல்லிவிட்டு, பெண்களையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. அப்பாவிடம் அவருக்கு உயிர்.

கரையில் பாறைகள் கருப்புக் கருப்பாக வெளியே வந்திருந்தன. ஜோதிலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறை மேல் ஏறி நின்று சட்டம் சொன்னாள். இத்தனை நாளில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "உசுரோட இருக்கிறதைத் தொடக் கூடாது. கிடந்த இடத்துலயே என்னைக் கூப்பிடுங்க, நான் பாத்து எழுதிக்கிறேன். செத்த ஓடும் கரையில ஒதுங்கினதும் மட்டுந்தான் எடுக்கணும். எடுக்கிறதுக்கு முன்னால என்கிட்டச் சீட்டு வாங்கணும். சீட்டு இல்லாம ஒரு சிப்பி வரக் கூடாது."

"வரக் கூடாது!" என்று சுந்தரலிங்கம் பின்னாலிருந்து அதட்டினார்.

அன்று காலை அந்தக் கரையில் கம்பத்துத் தமிழ்தான் கேட்டது. மலையம்மாள் நல்ல உருட்டான சங்கு ஒன்றைக் கண்டுபிடித்து, சீட்டு வாங்கிக்கொண்டு வந்து குனிந்தால், சங்கு கால் முளைத்து நடந்தது. "ஆத்தாடி!" என்று அவள் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். ஜோதிலட்சுமி ஓடி வந்து சிரித்தாள். உள்ளே இருப்பது நண்டு, செத்துப்போன நத்தையின் ஓட்டில் குடியிருக்கிறது, வளர வளரப் பெரிய ஓடாகப் பார்த்து மாறிக்கொள்ளும் என்றாள். "வாடகை கொடுக்குமா?" என்றாள் பூமாரி. சுப்புத்தாய்க்குப் பாறைப் பள்ளத்தில் பூ மாதிரி ஒன்று கிடைத்தது. விரலைக் கிட்டே கொண்டு போனதும் சுருங்கிக்கொண்டது. அது செடியல்ல, பிராணி என்றதும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாறை உச்சியில் பரு மாதிரியானவை ஒட்டிக்கிடந்தன. கொஞ்சம் கீழே சிப்பிகள். இன்னும் கீழே, தண்ணீர் விட்டும் விடாமலும் இருக்கிற இடத்தில் பழுப்புப் பாசி. வெயிலைத் தாங்குகிறவன் மேலே, தாங்காதவன் கீழே, அவனவனுக்கு அவனவன் இடம் என்று ஜோதிலட்சுமி சொல்லச் சொல்ல, சுந்தரலிங்கம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். இத்தனை வருஷம் காயை அதன் செடியிலிருந்து பிரித்த பிறகுதான் அவர் பார்த்திருக்கிறார். ஒரு பொருளை அது கிடக்கிற இடத்தோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெயில் ஏறிச் சுட ஆரம்பித்த பாறையில் வெறுங்காலோடு நின்றது அவருக்குத் தெரியவே இல்லை.

தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்தது. முட்டளவு வந்தது. "மாமா, மேல வாங்க, போதும்" என்று அவள் கூப்பிட்டும் அவர் வரவில்லை. தெற்கே பார்த்துத் திரும்பி நின்றார். இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி, அப்பா பெயரைச் சொல்லி, மூன்று தடவை விட்டார். எள்ளும் இல்லை, ஐயரும் இல்லை. "கோவிச்சுக்காதீக அய்யா. பிள்ள பரீட்சை" என்றார். பிறகுதான் ஏறி வந்தார். சேர்ந்ததை எண்ணியபோது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது.

அக்டோபரில் பரீட்சைக்கும் அவரேதான் கூட்டிப் போனார். கல்லூரி வாசலில் வாட்ச்மேனோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, அவன் பெண்டாட்டி பிள்ளை விவரமெல்லாம் கேட்டு முடித்தும் ஜோதிலட்சுமி வரவில்லை. கடைசியில் ஒரு பையன் வந்து, மேடம் உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றான். சுந்தரலிங்கம் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே போனார்.

நீள மேஜை முழுக்க அந்தக் கரை விரிந்து கிடந்தது. மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே என்று தண்ணீர் இறங்கிய கணக்குப்படியே அடுக்கியிருந்தாள். பேராசிரியை எழுந்து கும்பிட்டார். "உங்க மருமக நல்லா செஞ்சிருக்கா சார். பாஸ்தான், சந்தேகமே வேண்டாம். அதைச் சொல்லக் கூப்பிடலை. இதே கரையில எது எந்த உயரத்துல வாழுதுன்னு முழுசா யாராவது ஆராய்ச்சி பண்ணணும். உதவித்தொகை இருக்கு. நாலு வருஷம் இங்கேயே தங்கிப் பண்ணணும். இவ வேண்டாம்னு சொல்றா."

"இல்ல மேடம். டிகிரி வந்திருச்சுல்ல, போதும். எனக்குக் கம்பமே நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஜோதிலட்சுமி. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். சுந்தரலிங்கம் நம்பவில்லை. மேஜையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நாலு வருஷம். கிட்டங்கியைப் பூட்டிவிட்டு யாரிடம் போய் உட்காருவது? அந்தக் கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"ஏம்மா டீச்சரம்மா, அப்ப இந்தப் பிள்ள படிப்பு இன்னும் முடியலேங்கிறீக?"

"ஒரு வகையில பாத்தா, இப்பத்தான் ஆரம்பம் சார்."

"அப்பச் சரி." மருமகள் பக்கம் திரும்பினார். "உன் படிப்பை முடிக்க வைக்கிறேன்னு சபையில எந்திரிச்சு நின்னு சொன்னவன் நான். எம்.எஸ்.சி. வரைக்கும்னு சொன்னேனா? முடியலையாம்ல ஆத்தா. அப்ப நீ இங்கனதான் இருக்கணும். என் வாக்கை நீ பொய்யாக்காத. உன் புருசனுக்கு என்ன, துறைமுகத்துல நம்ம சரக்குக்கு ஒரு ஆள் வேணுந்தான். வந்து இருக்கட்டும்."

"மாமா..." என்றாள். பேராசிரியைக்கு முன்னாலேயே மாமனார் காலைத் தொட்டாள்.

"நல்லா இரு, நல்லா இரு" என்று சொல்லிக்கொண்டே சுந்தரலிங்கம் வேகமாக வெளியே வந்துவிட்டார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததும் அடக்க முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வாட்ச்மேன் பதறிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தான். "அழாதீங்க அண்ணாச்சி. ஃபெயில் ஆயிட்டா என்ன, மறுபடி எழுதலாம்ல?"

"பாஸுய்யா, பாஸு" என்று சொல்லிவிட்டு, சுந்தரலிங்கம் இன்னும் கொஞ்சம் அழுதார்.